டிஎன்ஏ பொருந்தியும் விடுதலையா? குற்ற வழக்குகளில் டிஎன்ஏ சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் போன ஓர் இளம் ஜோடி 2011 மே மாதம் கொல்லப்பட்டது. அந்த வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தூக்குத் தண்டனையை மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அதே ஆளை விடுதலை செய்தது. வழக்கில் டிஎன்ஏ அறிக்கை இருந்தது; பொருந்துகிறது என்றும் சொன்னது. "அப்புறம் எப்படி விட்டாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதோடு சேர்ந்து வந்த மற்ற கேள்விகளையும் இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

டிஎன்ஏ சோதனையில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

நம் செல்லின் கருவுக்குள் ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ, அம்மா வழியில் ஒன்றும் அப்பா வழியில் ஒன்றுமாக இரண்டு பிரதி இருக்கிறது. அதில் 99.9 சதவீதம் எல்லா மனிதருக்கும் ஒன்றுதான். ஆகவே முழுவதையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடும் 20-இலிருந்து 24 இடங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த இடங்களில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். உதாரணத்துக்கு டிஎச்01 என்று ஓர் இடம். அங்கே ஏஏடிஜி என்ற நாலு எழுத்து அடுத்தடுத்து வரும். எனக்கு அம்மாவிடமிருந்து 6 தடவை வந்ததும் அப்பாவிடமிருந்து 9 தடவை வந்ததும் கிடைத்திருந்தால், அந்த இடத்தில் என் கணக்கு 6, 9. பக்கத்து வீட்டுக்காரருக்கு 7, 9.3 இருக்கலாம். 9.3 என்பது தசமம் இல்லை; ஒன்பது முழுத் தடவை, கூடவே மூன்று எழுத்து மட்டும் உள்ள ஓர் அரைகுறைத் தடவை. இப்படி இருபத்துச் சொச்ச இடங்களின் எண்களை வரிசையாக எழுதினால் அதுதான் ஒருவருடைய டிஎன்ஏ ப்ரொஃபைல். கூடவே அமிலோஜெனின் என்ற இடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்றும் சொல்வார்கள்.

நாளிதழ்களில் இதை 'மரபணுச் சோதனை' என்று எழுதுகிறோம். மரபணு என்றால் புரதம் செய்யக் குறிப்பு எழுதிய பகுதி. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்வதே புரதம் எதற்கும் குறிப்பு எழுதாத பகுதிகளைத்தான். உங்கள் நிறமோ நோயோ சாதியோ அந்த எண்களில் தெரியாது. அதனாலேயே அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எவ்வளவு கிடைத்தால் போதும்? ஒரு முடி போதுமா?

சுமார் நூறு, நூற்றைம்பது செல் இருந்தாலே நல்ல ப்ரொஃபைல் எடுக்கலாம். எடையில் சொன்னால் ஒரு நானோகிராமுக்குள். பிசிஆர் என்ற முறையில் அதை நகலெடுத்துப் பெருக்குவார்கள். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 28 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒன்று 26 கோடியைத் தாண்டும்.

ரத்தத்தில் டிஎன்ஏ வருவது வெள்ளை அணுக்களிலிருந்து. சிவப்பணுவுக்குக் கருவே கிடையாது. முடி விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள்: வேரோடு பிடுங்கி வந்த முடி என்றால் நல்லது, வெட்டி விழுந்த முடியில் வழக்கமான சோதனை பெரும்பாலும் நடக்காது. அதில் மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அது அம்மாவிடமிருந்து மட்டும் வருவது. 16,569 எழுத்து நீளம். அதை வைத்து ஒரு தாய்வழியைக் காட்டலாம், ஓர் ஆளைக் குறிப்பாகக் காட்ட முடியாது. அண்ணன், தம்பி, தங்கை, அம்மாவோடு கூடப் பிறந்த சித்தி எல்லோருக்கும் அது ஒன்றாகவே இருக்கும்.

சம்பவ இடத்தில் எப்படி எடுக்கிறார்கள்? பிளாஸ்டிக் கவரில் போடக்கூடாது என்கிறார்களே?

தரையில் காய்ந்த ரத்தத் துளி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கையுறையைப் புதிதாக மாட்டிக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டு, கறையின் மேல் உருட்டி எடுக்க வேண்டும். அடுத்து ஈரமில்லாத இன்னொரு குச்சியால் அதே இடத்தில் மிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். இந்த உலர்த்தும் வேலைதான் நம் ஊரில் அதிகம் விட்டுப்போவது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் சித்திரை வெயிலில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பாக்டீரியா டிஎன்ஏவைத் தின்று தீர்க்கும். காகிதம் மூச்சு விடும், அதுதான் காரணம்.

ரத்த மாதிரி என்றால், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் போட்ட குழாயில் எடுக்க வேண்டும். இன்னொரு உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுத்தால் பிசிஆர் தடைபடும். ஜீன்ஸ் துணியின் நீலச் சாயமும் மண்ணில் உள்ள ஹியூமிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும். பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் திசுவை வழக்கப்படி ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். நோயியல் பரிசோதனைக்கு ஒரு பாட்டில், டிஎன்ஏவுக்கு வேறு பாட்டில் என்பதை மறந்ததால் கெட்டுப்போகும் மாதிரிகளுக்கு எந்த ஆய்வகமும் பொறுப்பேற்க முடியாது.

இது எப்போது, எங்கே தொடங்கியது?

இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில். 1984 செப்டம்பர் 10, திங்கள்கிழமை, காலை 9.05. மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் ஓர் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பட்டைக்கோடுகள் தெரிந்தன. நேரம் வரை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

முதல் கொலை வழக்கு அதே மாவட்டத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. 1983-இலும் 1986-இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதலாவதை இல்லை என்றான். அதையும் இவன்தான் செய்தான் என்று நிரூபிக்கலாமே என்று போலீஸ் ஜெஃப்ரீஸிடம் போனது. வந்த முடிவு தலைகீழ்: இரண்டையும் செய்தது ஒரே ஆள்; ஆனால் அந்தப் பையன் இல்லை. ஆக, டிஎன்ஏ முதன்முதலில் ஒரு கொலை வழக்குக்குள் வந்தபோது செய்த காரியம், ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவனை வெளியே அனுப்பியது. ஒப்புதல் வாக்குமூலத்தையே நம்பிக் கிடக்கும் நம் ஊர்க் காவல் நிலையங்களில் இந்தக் கதையைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

பிறகு சுற்று வட்டாரத்து ஆண்கள் ஏறக்குறைய 5,000 பேரிடம் ரத்தமும் எச்சிலும் எடுத்தார்கள். யாரும் பொருந்தவில்லை. பேக்கரி ஊழியரான காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தார். அந்த ஆள் ஒரு மதுக்கடையில் இதை உளறியதை ஒரு பெண் கேட்டுப் போலீசில் சொன்னார். 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. கருவி புதுசு; பிடிபட்டதென்னவோ பழைய முறையில், ஊர்வாய் வழியாகத்தான்.

இந்தியாவில் இதைக் கொண்டுவந்தது யார்?

ஹைதராபாத் செல்-மூலக்கூறு உயிரியல் மையத்தில், அதாவது சிசிஎம்பியில், இருந்த லால்ஜி சிங். அவர் கையில் இருந்தது ஒரு பாம்பு. கட்டுவிரியன் இனத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட வகை ஒன்று உண்டு. அதன் பாலினக் குரோமோசோமை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு திரும்பவரும் துண்டு, மனித டிஎன்ஏவிலும் ஆளுக்கு ஆள் வேறுபட்டு ஒட்டியது. வெளிநாட்டுக் காப்புரிமைக்குக் காத்திருக்காமல் 1988 வாக்கில் இந்தியா சொந்தமாக இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தது அந்தப் பாம்பின் புண்ணியம்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த உடல் பாகங்கள் மனித வெடிகுண்டாக வந்த ஒரே பெண்ணுடையவை என்று காட்டவும் இந்த முறை பயன்பட்டது. ஆனால் தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் டிஎன்ஏ உண்மையாகவே குறுக்கு விசாரணைக்கு நின்றது விராலிமலைப் பக்கத்தில் ஆசிரமம் நடத்திய சாமியார் பிரேமானந்தா மீதான பாலியல் வழக்கில்தான். ஆசிரமத்துப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்த டிஎன்ஏ, பிரேமானந்தாவே தகப்பன் என்று காட்டியது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து நிபுணரை அழைத்து வந்து ஹைதராபாத் அறிக்கையைக் கேள்வி கேட்டது. புதுக்கோட்டையில் 1997-இல் இரட்டை ஆயுள் விதித்த நீதிபதி ஆர். பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்கே நீதிபதியாகப் போனார். தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2005-இல் உறுதி செய்தது.

அறிக்கையில் "பத்து லட்சத்தில் ஒருவர்" என்று போட்டிருந்தால், அவர் குற்றவாளி இல்லாமல் இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதானே?

இல்லை. வழக்கறிஞர்களே சறுக்குகிற இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பத்து லட்சத்தில் ஒருவர் என்றால், சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தெருவிலிருந்து கூட்டி வந்தால் அவருக்கும் இதே எண்கள் இருக்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று பொருள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள் தொகை 7.21 கோடி. அப்படியானால் இந்த மாநிலத்திலேயே சுமார் 72 பேருக்கு அந்த எண்கள் இருக்கலாம். பிடிபட்டவர் அந்த 72 பேரில் ஒருவர். அவர்தான் என்று சொல்ல வேறு சாட்சியம் வேண்டும்: அன்று அந்த ஊரில் இருந்தாரா, செல்போன் டவர் என்ன சொல்கிறது, யார் பார்த்தார்கள்.

இது வெறும் வாதம் இல்லை. 1999-இல் இங்கிலாந்தில் ஒரு திருட்டு வழக்கில் ஆறு இடங்கள் பொருந்தின, 3.7 கோடியில் ஒருவர் என்றார்கள். பிடித்த ஆளுக்கு முற்றிய பார்க்கின்சன் நோய். துணையில்லாமல் சில அடி நடப்பதே கஷ்டம். வீடு இருந்ததோ திருட்டு நடந்த ஊரிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி. பத்து இடங்களைப் பார்த்ததும் அவர் இல்லை என்று தெரிந்தது. இன்று இருபதுக்கு மேல் இடங்களைப் பார்ப்பதால், முழு ப்ரொஃபைல் கிடைத்துவிட்டால் தற்செயலாகப் பொருந்துவது நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் சிதைந்த மாதிரியில் ஏழெட்டு இடம் மட்டுமே கிடைத்தது என்றால் பழைய கணக்கு திரும்பி வந்துவிடும். அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் எத்தனை இடங்கள் என்று எண்ணுங்கள்.

ஆய்வகம் தப்பே செய்யாதா?

செய்யும். ஆனால் பெரிய தப்புகள் பெரும்பாலும் இயந்திரத்துக்கு வந்து சேரும் முன்பே நடந்து முடிந்திருக்கும். எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் 'முகமில்லாப் பெண்'.

2007 ஏப்ரல் 25 அன்று ஹைல்ப்ரான் நகரில் 22 வயதுப் பெண் போலீஸ் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரிலிருந்து எடுத்த டிஎன்ஏ ஒரு பெண்ணுடையது. கணினியில் போட்டுப் பார்த்தால், அதே பெண் 1993-இல் ஒரு மூதாட்டி கொலை நடந்த வீட்டுக் கோப்பையில் இருக்கிறாள். போதை ஊசியில், கடித்துப் போட்ட பிஸ்கட் துண்டில், பொம்மைத் துப்பாக்கியில் இருக்கிறாள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் நாற்பது சம்பவ இடங்கள். தலைக்கு மூன்று லட்சம் யூரோ வெகுமதி. பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

2009 மார்ச்சில் முடிச்சு அவிழ்ந்த விதம்தான் அழகு. எரிந்து போன ஓர் ஆணின் உடலை அடையாளம் காண, அவர் முன்பு புகலிடம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்த கைரேகையைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார்கள். வந்தது அந்தப் பெண்! வேறு குச்சியால் மறுபடி எடுத்தால் காணோம். அப்போதுதான் குச்சியைச் சந்தேகித்தார்கள். குச்சிகளைப் பொதி கட்டிய தொழிற்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏதான் பல வருடமாக மூன்று நாடுகளைச் சுற்றி வந்தது. குச்சிகள் கிருமி நீக்கியவைதான். ஆனால் கிருமி செத்தால் டிஎன்ஏ போய்விடும் என்று யார் சொன்னது? மனித டிஎன்ஏ இல்லாத பொருளுக்கு என்று தனியாக ஐஎஸ்ஓ 18385 என்ற தரநிலையே 2016-இல்தான் வந்தது. பெண் போலீசைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்று தெரிய 2011 ஆயிற்று.

நான் போகாத இடத்தில் என் டிஎன்ஏ இருக்க முடியுமா?

முடியும். தொட்ட பொருளில் டிஎன்ஏ ஒட்டுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியபோதே, கை குலுக்கியவர் மூலம் அடுத்த இடத்துக்கும் போகலாம் என்று தெரிந்துவிட்டது. 2012-இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தர் வீட்டில் புகுந்து அவரைக் கொன்றார்கள். அவருடைய நகத்தில் கிடைத்த டிஎன்ஏ வீடில்லாத ஓர் ஆளுடையது. ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். பிறகு பார்த்தால், கொலை நடந்த இரவு அவர் குடித்து மயங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், பதிவேட்டில் இருக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போன அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள்.

டிஎன்ஏ யாருடையது என்று சொல்லும். எப்படி வந்தது, எப்போது வந்தது என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்கு வழக்கமாக வந்துபோகும் சொந்தக்காரரின் டிஎன்ஏ அந்த வீட்டு டம்ளரில் இருந்தால் அதில் என்ன செய்தி இருக்கிறது?

ஒரே மாதிரியில் இரண்டு மூன்று பேர் டிஎன்ஏ கலந்திருந்தால்?

அங்கேதான் நிபுணர்களே பிரிந்து நிற்பார்கள். 2011-இல் இட்டியல் ட்ரோர், கிரெக் ஹாம்ப்கியன் என்ற இருவர், ஏற்கெனவே ஓர் அமெரிக்கப் பாலியல் வழக்கில் ஒருவரைச் சிக்கவைத்திருந்த கலவை மாதிரியின் விவரத்தை, வழக்குக் கதை எதையும் சொல்லாமல் 17 ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். முதல் ஆய்வகம் சொன்னதை ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர். 12 பேர் அந்த ஆள் இதில் இல்லை என்றார்கள். நாலு பேர் சொல்ல முடியாது என்றார்கள். இப்போது கணினி மென்பொருள் நிகழ்தகவு போட்டுத் தருகிறது. பரவாயில்லை, ஆனால் எத்தனை பேர் கலந்திருக்கிறார்கள் என்ற தொடக்க ஊகத்தை அதற்கும் மனிதர்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்.

சரி, சுருளி அருவி வழக்கில் என்ன ஆயிற்று?

மாதிரிகள் எடுக்கப்பட்டன, ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் எடுத்ததற்கும் இடையில் விளக்கமில்லாத தாமதம். அந்த இடைவெளியில் யார் கையில், எந்த அலமாரியில், எந்த வெப்பத்தில் இருந்தன என்பதற்குக் காகிதம் இல்லை. கலப்படம் நடக்கவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாத நிலையில், பொருந்துகிறது என்ற வரியை வைத்து ஓர் ஆளைத் தூக்கில் போட முடியாது என்றது நீதிமன்றம்.

நடைமுறை என்ன என்று சொல்கிறேன். நம் ஊரில் கைப்பற்றிய பொருள் மகஜர் எழுதி, காகித உறையில் அரக்கு முத்திரை வைத்து, படிவம் 95-இல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து கடிதத்தோடு தடய அறிவியல் துறைக்குப் போகும். ஒவ்வொரு கைமாறலுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு தேதி இருக்க வேண்டும். உறையின் மேல் இருக்கும் தேதியும் பதிவேட்டில் இருக்கும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு உறையே ஒரு மணி நேரத்தை விழுங்கும். டெல்லி சாவ்லா பாலியல் கொலை வழக்கிலும் 2022-இல் இதே சிக்கல்தான். மாதிரிகள் 11 நாள் ஸ்டேஷன் பொருளறையில் கிடந்தன, மூவரும் விடுதலை.

இந்த முறை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் விதி போட்டது. உறையில் எஃப்ஐஆர் எண், சட்டப்பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதியில்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி ஒட்டவோ கூடாது. எடுத்த நேரத்திலிருந்து தண்டனையோ விடுதலையோ ஆகும் வரை கைமாறிய வரலாற்றைச் சொல்லும் ஒரு பதிவேடு வழக்குக் கட்டில் இருக்க வேண்டும். 1849-இலேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் கண்ட சென்னைக்கு, ஒரு பதிவேடு வையுங்கள் என்று 2025-இல் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேங்கைவயலில் ஏன் யாருடனும் பொருந்தவில்லை?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சிபிசிஐடி 31 பேரிடம் டிஎன்ஏ மாதிரி எடுத்தது, பொருந்தவில்லை. பாதிக்கப்பட்ட எங்களையே சோதிப்பதா என்று ஊர் மக்கள் எதிர்த்தார்கள்; அந்தக் கோபம் நியாயமானது.

அறிவியல் பக்கம் மட்டும் சொல்கிறேன். மலத்தில் மனித டிஎன்ஏ வருவது குடலிலிருந்து உதிரும் செல்களிலிருந்து. அதைச் சுற்றிலும் பாக்டீரியா. அது தண்ணீரில் கரைந்தால் செல்கள் உடையும், டிஎன்ஏ சிதையும், அளவும் மெலிந்துபோகும். இப்படிப்பட்ட மாதிரியில் 'பொருந்தவில்லை' என்ற செய்தியைப் படிக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: முழு ப்ரொஃபைல் கிடைத்து, அது இவர்களுடையது இல்லை என்று தெரிந்ததா? அல்லது ஒப்பிடும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லையா? முதலாவது ஒருவரை விலக்கும். இரண்டாவது யாரையும் விலக்காது, யாரையும் சிக்கவைக்காது. செய்தித் தலைப்பில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகிறது.

போலீஸ் கேட்டால் மாதிரி தர மறுக்கலாமா?

கைதானவர் பொதுவாக மறுக்க முடியாது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் 20(3) சொல்கிறது. ஆனால் ரேகை போன்ற உடல் சான்று 'சாட்சி சொல்வது' ஆகாது என்று 1961-இலேயே 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. உண்மை கண்டறியும் சோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்தது. டிஎன்ஏ அந்தக் கூட்டத்தில் சேராது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 51, 52 பிரிவுகள் நியாயமான பலத்தைப் பயன்படுத்தியும் மருத்துவர் மாதிரி எடுக்கலாம் என்கின்றன. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் விஷயம் வேறு: 184-ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது.

குழந்தை தன்னுடையது இல்லை என்று கணவர் டிஎன்ஏ கேட்டால் நீதிமன்றம் கொடுக்குமா?

கேட்டவுடன் கொடுக்காது. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையதே என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று முதலில் காட்ட வேண்டும். மனைவி மேல் சந்தேகம் என்பதற்காக ரத்தம் எடுக்கச் சொல்ல முடியாது என்று 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே சோதனை முடிந்து முடிவு கையில் இருந்தால் அறிவியலே ஜெயிக்கும் என்று 2014-இல் நந்தலால் பத்வாயிக் வழக்கில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது குழந்தை; கேட்பவர்கள் பலருக்கு அது ஞாபகம் இருப்பதில்லை.

அறிக்கை வாசிக்க ஒரு குறிப்பு: குழந்தைக்கு டிஎச்01-இல் 6, 9.3, அம்மாவுக்கு 6, 9. அப்படியானால் 9.3 அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். சொல்லப்படும் அப்பாவுக்கு 7, 8 என்றால் அந்த இடம் ஒட்டவில்லை. ஆனால் ஒரே ஓர் இடம் ஒட்டாததற்காகத் தகப்பன் இல்லை என்று எழுத மாட்டார்கள். அபூர்வமாக ஒரு தலைமுறையில் எண் மாறுவது உண்டு. பல இடங்கள் தவறினால்தான் முடிவு.

இரட்டையர் என்றால்?

ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு ப்ரொஃபைல் ஒன்றே. கைரேகை மட்டும் வேறு. இதே வரிசையில் இன்னொன்று: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவரின் ரத்தத்தில் கொடையாளரின் டிஎன்ஏ வரும், முடிவேரில் தன்னுடையதே இருக்கும், கன்னத்து உட்புறத்தில் இரண்டும் கலந்து வரலாம்.

இந்தியாவில் எல்லோருடைய டிஎன்ஏவையும் சேர்த்து வைத்திருக்கிறார்களா?

இல்லை. தேசிய டிஎன்ஏ வங்கிக்கு வழி செய்யும் மசோதா 2018-இலும் 2019-இலும் வந்தது; 2023 ஜூலையில் அரசே திரும்பப் பெற்றது. ஆனால் 2022-இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவர்களின் உயிரியல் மாதிரிகளையும் 'அளவீடு' என்ற சொல்லுக்குள் சேர்த்து, பதிவை 75 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ ஏழு வருடத்துக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமோ இல்லையென்றால் உயிரியல் மாதிரியை மறுக்கலாம் என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. இந்த வரி எத்தனை பேருக்குத் தெரியும்? பிரிட்டன் 1995-இலேயே வங்கி தொடங்கியது. குற்றம் நிரூபணமாகாதவர்களின் டிஎன்ஏவையும் காலமெல்லாம் வைத்திருந்தது தவறு என்று 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதன் தலையில் குட்டியது.

உடல் எரிந்தோ சிதைந்தோ போனால், எலும்பு மட்டும் இருந்தால்?

கடைவாய்ப் பல், தொடை எலும்பு இரண்டும் கடைசிவரை தாங்கும். 1995-இல் டெல்லியில் தந்தூரி அடுப்பில் எரிக்கப்பட்ட நைனா சாஹ்னியை அவருடைய பெற்றோர் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள். 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தில் சொந்தங்கள் வரிசையில் நின்று மாதிரி கொடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோர், பிள்ளைகள் கொடுப்பது நல்லது. கூடப் பிறந்தவர் அடுத்தபடி. கணவன் மனைவி மாதிரி நேரடியாக உதவாது. ஆனால் பிள்ளைகளோடு சேர்த்து வைத்தால் உதவும்.

எலும்பு கிடைத்தால் மட்டும் போதாது என்பது யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழியில் எல்லோருக்கும் தெரிகிறது. 2025-இல் அங்குள்ள சித்துப்பாத்தியில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. ஒப்பிட உறவினர் மாதிரி வேண்டும். தேடிக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடுங்கிக் கொடுத்த பேரக் குழந்தைகளைத் தேடிய பாட்டிகள் 1984-இல் மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளரிடம் போனார்கள். இடையில் பெற்றோர் இல்லாவிட்டாலும் தாய்வழிப் பாட்டியையும் பேரக் குழந்தையையும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இணைக்கும். 1987-இல் அங்கே சட்டம் போட்டு ஒரு மாதிரி வங்கி தொடங்கினார்கள். தாங்கள் இறந்தாலும் ரத்தம் காத்திருக்கட்டும் என்று பாட்டிகள் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இங்கே பக்கத்தில், 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை மக்களின் உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை அடித்துப் போயின. தமிழ் வேர் கொண்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் உண்டு. முழு உடல்களோடு உடல் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. அடையாளம் தெரியாத ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டு, பெயருக்குப் பதிலாக எண் போட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். வாரங்கள் கழித்து முடிவுகள் வந்தபோது, வெவ்வேறு எண் போட்ட குழிகள் ஒரே ஆளுடையவை என்று தெரிந்தது.